வேர் என்று பெயர் வைத்தவர்கள்: மெடு கலைக்குழு, காபரோனே, 1978–1985

தென்னாப்பிரிக்காவின் பேடி மொழியில் ‘மெடு’ என்றால் வேர். 1978-இல் போட்ஸ்வானாவின் தலைநகர் காபரோனேயில் சேர்ந்த ஒரு சின்னக் கூட்டம் அந்தச் சொல்லையே தனக்குப் பெயராக வைத்துக்கொண்டது. கவிஞர்கள், ஓவியர்கள், இசைக்காரர்கள், நாடகக்காரர்கள், புகைப்படக்காரர்கள். அவர்களில் பெரும்பாலோர் எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து, கறுப்பர்களை ஒடுக்கிய வெள்ளையர் ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவிலிருந்து, உயிருக்குத் தப்பி வந்தவர்கள். சொந்த மண்ணில் கால் வைக்க முடியாத நிலையில் இருந்தவர்கள் தேர்ந்தெடுத்த பெயர் அது. அந்தக் குழு ஏழு ஆண்டுகள்தான் இருந்தது. 1985 ஜூன் 14 அதிகாலையில் தென்னாப்பிரிக்க ராணுவம் எல்லை தாண்டி வந்து அதன் கதையை முடித்தது.

கறுப்பர்களின் கலை இயக்கம் என்றாலே பேச்சு அமெரிக்காவில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. 1965-இல் கறுப்பர் தலைவர் மால்கம் எக்ஸ் கொல்லப்பட்ட பிறகு கவிஞர் அமிரி பராகா நியூயார்க்கின் ஹார்லெமில் தொடங்கிய நாடகப் பள்ளி, பிளாக் பாந்தர் கட்சியின் பத்திரிகையில் எமரி டக்ளஸ் வரைந்த படங்கள், 1968-இல் சிகாகோவில் உருவான ஆஃப்ரிகோப்ரா ஓவியர் குழு எல்லாமே பெரிய விஷயங்கள்தான். இருந்தாலும் இந்த ஆய்வுக்கு நான் மெடுவை எடுத்துக்கொள்கிறேன். கலை எப்படி எதிர்ப்பாக மாறுகிறது என்பதை இங்கே வேலையின் ஒவ்வொரு கட்டமாகப் பார்க்க முடிகிறது. மரச்சட்டம், மை, காகிதம், எல்லைச் சாவடி, அச்சடித்தவர் கை, ஒட்டியவர் கை என்று எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறது. மெடு வரைந்த படங்கள் அருமையானவை. ஆனால் அந்தக் குழுவின் உண்மையான பலம், அச்சடிக்கும் வேலையை அது மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததில் இருந்தது என்று நினைக்கிறேன். தென்னாப்பிரிக்க அரசைக் கடைசியில் பயமுறுத்தியதும் அதுதான் என்பது என் கணிப்பு.

காபரோனே வரை

1960 மார்ச் 21 அன்று தென்னாப்பிரிக்காவின் ஷார்ப்வில்லில் எதிர்ப்புக் கூட்டத்தைப் போலீஸ் சுட்டதில் 69 பேர் இறந்தார்கள். அடுத்த மாதமே, வெள்ளையர் ஆட்சியை எதிர்த்த ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் தடை செய்யப்பட்டது. அதற்குப் பிறகு பத்தாண்டுகளுக்கு மேல் வெளிப்படையான அரசியல் அமுங்கிக் கிடந்தது. 1970-களின் தொடக்கத்தில் ஸ்டீவ் பிக்கோவும் அவர் தோழர்களும் கொண்டுவந்த கறுப்பு விழிப்புணர்வு இயக்கம் அதை மறுபடி கிளப்பியது. கறுப்பன் தன்னைப் பற்றித் தானே பேச வேண்டும், வெள்ளைக்காரன் கொடுத்த கண்ணாடியில் முகம் பார்க்கக் கூடாது என்ற அந்தச் சிந்தனையைக் கவிதையும் நாடகமும்தான் தெருத்தெருவாகக் கொண்டுபோயின. 1976 ஜூன் 16-இல், ஜோகன்னஸ்பர்கை ஒட்டிய கறுப்பர் குடியிருப்பான சொவெட்டோவின் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். 1977 செப்டம்பரில் பிக்கோ போலீஸ் காவலில் இறந்தார். அக்டோபரில் ஒரே நாளில் பதினெட்டு அமைப்புகள் தடை செய்யப்பட்டன. உள்ளே இருந்தால் சிறை அல்லது சாவு என்று ஆனதும் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக எல்லை தாண்டினார்கள்.

எல்லையிலிருந்து காபரோனே கூப்பிடு தூரம், சுமார் 15 கிலோமீட்டர். 1966-இல் விடுதலை பெற்ற போட்ஸ்வானாவில் அன்று பத்து லட்சம் பேர்கூடக் கிடையாது. சரக்கு, ரயில், சம்பாத்தியம் எல்லாவற்றுக்கும் தென்னாப்பிரிக்காவை நம்பியிருந்த நாடு அது. அகதிகளுக்கு இடம் கொடுத்தது, ஆனால் ஆயுதப் படைக்குத் தன் மண்ணில் தளம் தர மறுத்தது. அந்த இடுக்கில்தான் மெடு ஒரு கலைக்குழுவாகப் பதிவு செய்துகொண்டு வேலை பார்த்தது. ஸ்வீடன் போன்ற நாடுகளிலிருந்து கொஞ்சம் பண உதவி வந்தது.

குழுவில் இருந்தவர்களில் மொங்கானே வாலி செரோட்டே முக்கியமானவர். ஜோகன்னஸ்பர்கின் கறுப்பர் குடியிருப்பான அலெக்சாண்டிராவில் வளர்ந்த கவிஞர். 1969-இல் பயங்கரவாதச் சட்டத்தில் பிடிபட்டு ஒன்பது மாதம் தனிச்சிறையில் இருந்தவர். கெயோராபெட்சே கொசிட்சிலே இன்னொருவர். 1960-களில் அமெரிக்காவில் நாடுகடந்து வாழ்ந்தபோது அங்கிருந்த கறுப்புக் கலை இயக்கத்தில் ஒன்றாகக் கலந்தவர். 1968-இல் ஹார்லெமில் உருவான ‘தி லாஸ்ட் போயட்ஸ்’ குழு தன் பெயரையே இவர் கவிதை ஒன்றிலிருந்துதான் எடுத்தது. ஹார்லெமுக்கும் காபரோனேக்கும் நடுவே இப்படி மனிதர்களே பாலமாக இருந்தார்கள். இசையில் ஹியூ மாசெகேலாவும் ஜோனாஸ் குவாங்வாவும், எழுத்தில் மண்ட்லா லங்காவும் இருந்தார்கள். அமெரிக்காவில் பிறந்த ஓவியர் ஜூடி சைட்மனும் இருந்தார். கறுப்பு விழிப்புணர்வில் முளைத்த குழுவாக இருந்தும் வெள்ளைக்காரர்கள், ஸ்வீடன்காரர்கள், உள்ளூர் போட்ஸ்வானாக்காரர்கள் எல்லோருக்கும் அதில் இடம் கிடைத்தது. அரசியலில் அது மெல்ல மெல்ல ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் பக்கம் சாய்ந்தது.

அப்புறம் தாமி மன்யேலே. இந்த ஆய்வில் திரும்பத் திரும்ப வரப்போகிறவர்.

1948-இல் அலெக்சாண்டிராவில் பிறந்தவர். தாய் வெள்ளையர் வீட்டில் வேலை செய்தவர். கறுப்பர் பள்ளிகளில் ஓவியம் என்று ஒரு பாடமே அநேகமாகக் கிடையாது. நாட்டால் மாநிலத்தில் ஸ்வீடன் பாதிரிமார்கள் நடத்திய ரோர்க்ஸ் டிரிஃப்ட் கலை மையத்தில் கொஞ்ச காலம் படித்தார். கறுப்பர்கள் ஓவியம் கற்க அன்று இருந்த மிகச் சில வாசல்களில் அதுவும் ஒன்று. அவருடைய ஆரம்பகாலப் பென்சில் ஓவியங்கள் மென்மையானவை, உள்ளே திரும்பிப் பார்ப்பவை. அப்படி வரைந்த கை 1979-இல் காபரோனே வந்ததும் தடித்த கோடும் பெரிய எழுத்துமாக மாறியது. இதை வீழ்ச்சி என்று சொல்கிறவர்களும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

சட்டமும் துணியும் ரப்பரும்

மெடுவில் இசை, நாடகம், புகைப்படம், வெளியீடு என்று தனித்தனிப் பிரிவுகள் இருந்தன. ஒரு செய்திமடலும் வந்தது. ஆனால் காலம் கடந்து பேசப்படுவது ஓவியப் பிரிவு அச்சடித்த சுவரொட்டிகள்தான்.

கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடையில் ஸ்கிரீன் பிரிண்டிங் பார்த்தவர்களுக்கு இந்த வேலை புதிதில்லை. மரச்சட்டத்தில் மெல்லிய வலைத்துணியை இழுத்துக் கட்ட வேண்டும். மை இறங்கக் கூடாத இடத்தையெல்லாம் வெட்டிய தாளாலோ பூச்சாலோ அடைக்க வேண்டும். கீழே காகிதத்தை வைத்து, சட்டத்தை இறக்கி, மேல் ஓரத்தில் மையை ஊற்றி, ரப்பர் பட்டையால் ஒரே இழுப்பாகக் கீழே இழுக்க வேண்டும். கை நடுவில் தயங்கினால் அந்த இடத்தில் மை தடித்துவிடும். சட்டத்தைத் தூக்கினால் ஒரு சுவரொட்டி வந்துவிட்டது, கொடியில் காயப்போட வேண்டியதுதான். அடுத்த நிறத்துக்கு மறுபடி ஒரு அடைப்பு, மறுபடி எல்லாத் தாளுக்கும் ஒரு சுற்று. அதனால்தான் மெடு சுவரொட்டிகளில் பெரும்பாலும் இரண்டு மூன்று நிறத்துக்கு மேல் இருக்காது. அழகுக்காக அவர்கள் எடுத்த முடிவு என்று சிலர் நினைக்கிறார்கள். காசும் நேரமும் சேர்ந்து எடுத்த முடிவு அது. அந்த நெருக்கடியிலிருந்துதான் தூரத்திலிருந்தே கண்ணில் அறையும் அந்தக் கறுப்பும் சிவப்பும் பிறந்தன.

இந்த முறைக்கு மின்சாரம் தேவையில்லை, அச்சகம் தேவையில்லை. தென்னாப்பிரிக்காவுக்குள் தடை செய்யப்பட்ட அமைப்பின் வாசகத்தை அச்சடிக்க எந்த அச்சகமும் துணியாது. பிடிபட்டால் சிறை. ஸ்கிரீன் சட்டத்தையோ ஒரு சமையலறை மேசையில் விரிக்கலாம், ஆள் வந்தால் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். மெடுக்காரர்கள் இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனார்கள். ஒரு பெட்டிக்குள் முழுப் பட்டறையும் அடங்கும்படி, கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய ஸ்கிரீன் அச்சு ஒன்றை வடிவமைத்தார்கள். இந்த நிகழ்வில் என்னை மிகவும் தொட்டது இந்தப் பெட்டிதான். சுவரொட்டி எவ்வளவு வலிமையாக இருந்தாலும் சுவரில் ஒரு நாள்தான் நிற்கும், போலீஸ் வந்து கிழித்துவிடும். அதைச் செய்யும் வித்தை ஒரு ஊருக்குள் போய்விட்டால், கிழிக்கக் கிழிக்க அந்த ஊர் புதிதாக ஒட்டிக்கொண்டே இருக்கும்.

வேலை நடந்த விதமும் கவனிக்க வேண்டியது. ஒருவர் வரைவு கொண்டுவந்தால் எல்லோரும் உட்கார்ந்து பேசுவார்கள், விமர்சிப்பார்கள். பல சுவரொட்டிகளில் வரைந்தவர் பெயரே இருக்காது. ‘கலைஞர்’ என்ற சொல்லையே தள்ளிவைத்துவிட்டு, தங்களைப் ‘பண்பாட்டுத் தொழிலாளர்கள்’ என்று சொல்லிக்கொண்டார்கள். இன்று காதுக்குக் கொஞ்சம் கட்சி மொழியாகக் கேட்கலாம். அன்று அதற்கு ஒரு தெளிவான அர்த்தம் இருந்தது. ஜோகன்னஸ்பர்கின் வெள்ளையர் காட்சிக்கூடங்கள் கறுப்பு ஓவியர்களிடமிருந்து ஒரு குறிப்பிட்ட வகைப் படத்தைத்தான் எதிர்பார்த்தன. ஒட்டிய வயிறு, சோகமான கண், குடிசை வாசல். பார்க்கிறவருக்கு இரக்கம் வரும், கோபம் வராது. வாங்கி வரவேற்பறையில் மாட்டலாம். மன்யேலே இதை எழுத்திலும் கடுமையாக எதிர்த்தார். கலை படைப்பது என்பது குடும்பத்துக்கு ஒரு கூரை போடுவதோடும், மக்களுக்காக நாட்டை விடுவிப்பதோடும் சேர்ந்து நடக்க வேண்டிய வேலை, அதற்குப் பெயர்தான் பண்பாடு என்பது அவர் நிலைப்பாடு. அந்தப் பேச்சில் அவர் தன்னைக் கைவினைஞன் என்றுதான் குறிப்பிட்டார்.

குழவிக்கல்

மெடு சுவரொட்டிகளில் உலகம் முழுக்கத் தெரிந்தது 1981-இல் ஜூடி சைட்மன் உருவாக்கியது. 1956 ஆகஸ்ட் 9 அன்று பிரிட்டோரியாவில் அரசுத் தலைமையகத்துக்கு முன்னால் சுமார் 20,000 பெண்கள் திரண்டார்கள். கறுப்பர்கள் எங்கே போனாலும் கையில் வைத்திருக்க வேண்டிய அனுமதிச் சீட்டைப் பெண்கள் மீதும் திணித்ததற்கு எதிரான திரட்டல் அது. லிலியன் ங்கோயி, ஹெலன் ஜோசப், ரஹிமா மூசா, சோஃபியா வில்லியம்ஸ் ஆகிய நால்வர் முன்னால் நின்றார்கள். அன்றைய பிரதமர் ஸ்ட்ரைடமைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அந்தப் பெண்கள் பாடிய வரிதான் சுவரொட்டியின் வாசகம்.

ஆங்கிலத்தில் அந்த வரி ‘பெண்களைத் தொட்டாய், பாறையில் மோதினாய்’ என்ற பொருளில் பரவியிருக்கிறது. ஆனால் மூல மொழியில் வரும் சொல் ‘இம்போகோடோ’. அது மலைப்பாறை இல்லை. தானியம் அரைக்கப் பெண்கள் கையில் பிடிக்கும் உருண்டைக் கல், நம் குழவிக்கல். பாறை என்றால் அசையாமல் நிற்கும், நீயாகப் போய் மோதிக்கொள்ள வேண்டும். குழவிக்கல்லோ கையில் இருப்பது, அரைப்பது, நசுக்குவது. தினமும் விடிகாலையில் பெண் கையில் உருண்டு தேய்ந்த கல். ‘நீ நசுங்கிப்போவாய்’ என்று அந்த வரி முடிவதன் அர்த்தம் அப்போதுதான் முழுதாகப் புரிகிறது. இந்தச் சொல்லைத் தமிழில் கொண்டுவரும்போது ஒன்றும் இழக்க வேண்டியதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

இருபத்தைந்து வருடம் பழைய போராட்டத்தின் வரியை எதற்காக 1981-இல் சுவரில் ஏற்ற வேண்டும்? ஒரு தலைமுறைக்கே அந்த நாள் மறைக்கப்பட்டிருந்தது. பாடப்புத்தகத்தில் இல்லை, பத்திரிகையில் இல்லை. பேசக்கூடியவர்கள் சிறையிலோ வீட்டுக்காவலிலோ வெளிநாட்டிலோ இருந்தார்கள். 1955-இல் கிளிப்டவுனில் ஏற்கப்பட்ட விடுதலைச் சாசனத்தின் ‘மக்களே ஆளுவார்கள்’ என்ற வரியும் இப்படித்தான் மெடு கையால் மறுபடி தெருவுக்கு வந்தது. செய்தி சொல்லும் வேலையை விட நினைவு மீட்கும் வேலையைத்தான் இந்தச் சுவரொட்டிகள் அதிகம் செய்தன.

1982 ஜூலை

ஜூலை 5 முதல் 9 வரை காபரோனேயில், போட்ஸ்வானா பல்கலைக்கழக வளாகத்தில், ‘பண்பாடும் எதிர்ப்பும்’ என்ற பெயரில் மெடு ஒரு மாநாட்டையும் விழாவையும் நடத்தியது. தேசிய அருங்காட்சியகத்தில் தென்னாப்பிரிக்கக் கலைக் கண்காட்சியும் சேர்ந்து நடந்தது. தென்னாப்பிரிக்காவுக்குள்ளிருந்து நூற்றுக்கணக்கானோர் எல்லை தாண்டி வந்தார்கள். நாடுகடந்தவர்களும் வந்தார்கள். எழுத்தாளர் நடீன் கார்டிமர் வந்தார், அப்துல்லா இப்ராஹிம் பியானோ வாசித்தார். உள்ளே இருப்பவர்களும் வெளியே துரத்தப்பட்டவர்களும் முகம் பார்த்துப் பேச வேறு இடமே இல்லாத காலம் அது. பல வருடம் கழித்துச் சொந்த ஊர்க்காரர் குரலைக் கேட்டவர்களுக்கு அந்த ஐந்து நாள் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தாலே மனசு நிறைகிறது.

கூடினோம், பாடினோம், கலைந்தோம் என்று அது முடிந்திருக்கலாம். முடியவில்லை. வந்தவர்கள் வேலையை எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். 1983-இல் ஜோகன்னஸ்பர்கில் ஸ்கிரீன் பயிற்சித் திட்டம் தொடங்கியது. தொழிற்சங்கத்துக்காரர்களும் குடியிருப்போர் சங்கத்துக்காரர்களும் வந்து தங்கள் சுவரொட்டியையும் பனியனையும் தாங்களே அடிக்கக் கற்றுக்கொண்டார்கள். கேப் டவுனில் சமூகக் கலைத் திட்டம் என்ற அமைப்பிலும் இதே போன்ற பட்டறை நடந்தது. புகைப்படக்காரர்கள் பக்கத்தில் ‘அஃப்ராபிக்ஸ்’ என்ற கூட்டுக்குழு 1982-இலேயே உருவாகியிருந்தது.

1983 ஆகஸ்ட் 20 அன்று கேப் டவுனின் மிட்செல்ஸ் பிளெய்னில் ஐக்கிய ஜனநாயக முன்னணி தொடங்கப்பட்டது. நாடு முழுவதும் நூற்றுக்கணக்கான சிறு அமைப்புகள் அதில் இணைந்தன. வாடகை உயர்வு, பள்ளிப் பகிஷ்கரிப்பு, இறுதி ஊர்வலம் என்று ஒவ்வொன்றுக்கும் சுவரொட்டி வேண்டியிருந்தது, பனியன் வேண்டியிருந்தது. அடிக்கத் தெரிந்தவர்கள் அதற்குள் தயாராக இருந்தார்கள். முன்னணியை மெடு உருவாக்கியது என்று சொல்ல மாட்டேன், அது மிகை. ஆனால் 1980-களின் தென்னாப்பிரிக்கத் தெருவுக்கு ஒரு முகம் இருந்தது என்றால், அந்த முகத்தை வரையக் கற்ற இடங்களில் காபரோனே முதன்மையானது. அந்தச் சுவரொட்டிகளில் பல கோணல்மாணலாக இருக்கும், எழுத்து ஒரு பக்கம் சரிந்திருக்கும். பழகாத கை முதல் தடவை அடித்தது அப்படித்தான் இருக்கும். அந்தக் கோணல்தான் மெடுவின் வெற்றிக்குச் சாட்சி.

ஜூன் 14

1985 மே மாதம் காபரோனேயில் கார் குண்டு வெடித்து ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ்காரர் ஒருவர் கொல்லப்பட்டார். நிலைமை மோசமாகிறது என்று எல்லோருக்கும் தெரிந்தது. மன்யேலே ஜாம்பியாவின் லுசாக்காவுக்குக் கிளம்ப முடிவு செய்து, தன் ஓவியங்களைக் கட்டி வைத்திருந்தார்.

ஜூன் 14, விடிய இன்னும் சில மணி நேரம் இருந்தது. தென்னாப்பிரிக்கப் படையினர் எல்லை தாண்டி நகருக்குள் வந்து பல வீடுகளை ஒரே நேரத்தில் தாக்கினார்கள். 12 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒரு ஆறு வயதுக் குழந்தையும் இருந்தது. உள்ளூர்ப் பெண்கள் இருந்தார்கள். சோமாலியாவில் பிறந்த ஒரு டச்சுக் குடிமகன் இருந்தார். மன்யேலே தன் வீட்டுக்கு வெளியே சுட்டுக் கொல்லப்பட்டார், வயது 36. கட்டி வைத்திருந்த ஓவியங்களை வந்தவர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். கைப்பற்றிய பொருட்கள் பயங்கரவாதத்துக்கு ஆதாரம் என்று தென்னாப்பிரிக்கத் தொலைக்காட்சியில் காட்டப்பட்டன.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மன்யேலே ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் ஆயுதப் பிரிவிலும் உறுப்பினர். தாக்குதலுக்குத் தென்னாப்பிரிக்கா சொன்ன நியாயமும் அதுதான், அங்கே இருந்தது கெரில்லாக்களின் கூடாரம் என்றது. ஆனால் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையை எந்தப் படைப்பட்டியலில் சேர்ப்பது? ஜூன் 21 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவை 568-ஆம் தீர்மானத்தில் இந்தத் தாக்குதலைக் கண்டித்தது. நட்பு நாடாக இருந்த அமெரிக்காவே தன் தூதரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. மெடு அதற்குப் பிறகு எழவில்லை. மிஞ்சியவர்கள் வெவ்வேறு நாடுகளுக்குச் சிதறிப்போனார்கள். அடுத்த மாதமே தென்னாப்பிரிக்காவில் நெருக்கடி நிலை வந்தது, ஆனால் சுவரொட்டிகள் நிற்கவில்லை. அதற்குள் அச்சுச் சட்டங்கள் பல ஊர்களுக்குப் போய்விட்டிருந்தன.

ஆல்பி சாக்ஸ் எழுப்பிய கேள்வி

1988-இல் மொசாம்பிக் தலைநகர் மபுட்டோவில் கார் குண்டில் வலது கையையும் ஒரு கண்ணின் பார்வையையும் இழந்தவர் ஆல்பி சாக்ஸ், பின்னாளில் அரசியல் சாசன நீதிமன்ற நீதிபதி. மறு வருடம் தன் இயக்கமான ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் கூட்டத்துக்கு அவர் எழுதிய கட்டுரையில், ‘பண்பாடு போராட்டத்தின் ஆயுதம்’ என்ற பேச்சுக்கு நம் ஆட்கள் ஐந்து வருடமாவது தடை போட்டுக்கொள்ளலாம் என்றார். துப்பாக்கிக்குள் முரண்பாடு கிடையாது, கலைக்குள் உண்டு, எல்லாப் படத்திலும் உயர்த்திய முஷ்டியே இருந்தால் காதல் எங்கே போகும் என்பது அவர் வாதம். அது நாடு முழுக்கப் பெரிய விவாதமானது.

சாக்ஸ் கேட்டது நியாயமான கேள்வி. 1980-களின் கடைசியில் வந்த பல சுவரொட்டிகளில் ஒரே முஷ்டி, ஒரே சங்கிலி, ஒரே சூரியன் திரும்பத் திரும்ப வந்தது உண்மைதான். ஆனால் அதை மெடு மீது போட எனக்கு மனம் ஒப்பவில்லை. மன்யேலேயின் பென்சில் ஓவியங்களையும் சுவரொட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது தெரியும். சுவரொட்டியில் கோடு தடித்திருக்கிறது, சரி. ஆனால் முகங்களில் அந்தப் பழைய மென்மை அப்படியே இருக்கிறது. அவருக்குக் கோபம் மட்டும் இருந்திருந்தால் அந்த முகங்கள் வந்திருக்காது. காபரோனேயில் அவர் ஓவியத்தை விட்டுக்கொடுத்தார் என்று நான் நம்பாததற்குக் காரணம் இதுதான். இன்னும் இருபது வருடம் இருந்திருந்தால் எங்கே போயிருப்பார் என்று பார்க்க விடாமல் செய்துவிட்டார்கள்.

2004-இல் மன்யேலேயின் உடல் எச்சங்கள் காபரோனேயிலிருந்து தென்னாப்பிரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டு, ஜோகன்னஸ்பர்குக்குப் பக்கத்திலுள்ள தெம்பிசாவில் மறுபடி அடக்கம் செய்யப்பட்டன. ஆம்ஸ்டர்டாமில் அவர் பெயரில் இயங்கும் ஒரு அறக்கட்டளை ஆப்பிரிக்க ஓவியர்களைத் தங்கவைத்து வேலை செய்ய இடம் தருகிறது. 2008-இல் ஜோகன்னஸ்பர்க் கலைக்கூடம் மன்யேலேக்கும் மெடுவுக்கும் சேர்த்து ஒரு பெரிய கண்காட்சி நடத்தியது. 2019-இல் சிகாகோ கலை நிறுவனத்தில் மெடுவின் சுவரொட்டிகள் வைக்கப்பட்டன. மலிவுத் தாளில் அடித்த, ஒரு இரவு சுவரில் நின்றால் போதும் என்று அனுப்பிய அந்தத் தாள்கள் கண்ணாடிச் சட்டத்துக்குள் பத்திரமாக இருக்கின்றன. ஜூன் 14 இரவு எடுத்துக்கொண்டு போன ஓவியங்கள் மட்டும் திரும்பி வரவில்லை.